பீடத்துக்குள் ஒளித்த மேற்றிராணியார்

வால்தம்ஸ்டோ, லண்டன்
9 பெப்ரவரி 1986

அன்புள்ள டொலறஸ் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீங்கள், அத்தான், றெஜி மூவரையும் ஒவ்வொரு நாளும் பூசையில் நினைக்கிறேன். இருமலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறைந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய கொத்தமல்லியை அவிக்க வெளிக்கிட்டேன். என்ன எரிகிறது என்று பாதர் டிலன் குசினிக்குள் ஓடி வந்துவிட்டார். இந்தப் பங்கின் குருவானவர் அவர். ஐரிஷ்காரர், நல்ல மனிதர், உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய வீட்டில்தான் எனக்கும் ஒரு அறை. மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் அவருடைய கோவிலில் எங்கட சனத்துக்குத் தமிழ்ப் பூசை வைக்கிறேன்.

மாமா லண்டனில் என்னத்தைப் படித்துக் கிழிக்கிறார் என்று றெஜி கேட்டானாம். சொல்லுங்கோ அவனுக்கு. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் ஜெர்மன் தேசத்தில் பென்னோ என்று ஒரு ஆயர், நீங்கள் சொல்கிற மேற்றிராணியார், இருந்தார். அவரைப் பற்றி ஆராய்ச்சி எழுதத்தான் எங்கள் ஆயர் என்னை இங்கே அனுப்பியிருக்கிறார். அந்தக் காலத்தில் பேரரசருக்கும் பாப்பரசருக்கும் பெரிய சண்டை. ஆயர்களை நியமிக்கிற அதிகாரம் யாருக்கு என்பதுதான் பிரச்சினை. ஒருநாள் பேரரசர் தன் பக்கத்து ஆயர்களை எல்லாம் ஒரு கோவிலில் கூட்டி, பாப்பரசரை நீக்குகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார். சொன்னால் பாப்பரசருக்குத் துரோகி, சொல்லாவிட்டால் பேரரசருக்குத் துரோகி. பென்னோ என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கோவில் பீடம் உள்ளே ஒன்றுமில்லாமல் கோறையாக இருந்ததைக் கண்டார். ஒருவரும் பார்க்காத நேரம் அதற்குள் புகுந்து, பீடத் துணியை இழுத்து மூடிவிட்டுக் குந்தியிருந்தார்! எல்லாரும் சொல்லி முடித்து எழும்புகிற நேரம் பார்த்தால், மனிதர் பீடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கிறார்.

நூலகத்தில் இதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் தன் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டார். இப்படியொரு பயந்தாங்கொள்ளியோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது என் தலைவிதி.

ஆண்டவருக்குள் உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்


சேசு மரி சூசை துணை

பாசையூர், யாழ்ப்பாணம்
3 மார்ச் 1986

அன்புள்ள தம்பிச் சுவாமிக்கு,

அக்கா எழுதுவது. குருவானவரைச் சுவாமி என்றுதான் கூப்பிட வேணும் என்று அம்மா சாகும்வரை சொன்னா. தம்பி என்று கூப்பிடாவிட்டால் எனக்கு வாய் வராது. இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளும். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உமது அத்தானுக்குப் படகு மெஷின் திருத்துகிற வேலை குறைவு. கடலுக்குப் போனால்தானே மெஷின் பழுதாகும்? நேவி விட்டால்தானே கடலுக்குப் போவது?

உமது மேற்றிராணியார் கதையைச் சாப்பாட்டு நேரம் உரத்து வாசித்தேன். றெஜிக்குச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "அம்மா, மாமாவிட்ட ஒண்டு கேட்டு எழுதுங்கோ. வெளிய வந்தாப்பிறகு அவர் மற்றவையின்ர முகத்தை எப்பிடிப் பாத்தவர்?" என்றான். எனக்கும் அதை அறிய ஆசை. எழுதும்.

இனி மெய்யான விஷயம். றெஜி இப்போது மத்தியானம் சாப்பிட மட்டும்தான் வீட்டுக்கு வருகிறான். சின்ன இயக்கத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டான். பெரிய இயக்கத்துக்கும் இவங்களுக்கும் கொஞ்சமும் ஒத்துவரவில்லை, எப்பவோ வெடிக்கும் என்று ஊரெல்லாம் கதை. அத்தான் சொன்னார், கேட்கவில்லை. நான் அழுதேன், "சும்மா இரணை அம்மா" என்கிறான். நீர் சொன்னால் கேட்பான். குருப்பட்டம் வாங்கி வந்து நீர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது அவனுக்கு. றெஜினோல்ட் என்று பேர் வைத்ததும் நீர். அவங்களை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போ என்று அவன் பேருக்கு இரண்டு வரி எழுதிப் போடும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இருமலுக்குக் கொத்தமல்லியோடு வேர்க்கொம்பும் போடவேணும். எரிகிறதோ என்று அந்தச் சுவாமி இன்னும் நல்லாய் ஓடி வருவார்.

அக்கா டொலறஸ்


வால்தம்ஸ்டோ
30 மார்ச் 1986, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவருக்கும் உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். நான் சுகம். பெரிய வியாழனில் இருந்து இன்றுவரை நின்ற நிலைதான், கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இன்று பின்னேரம் தமிழில் பாஸ்கா வாழ்த்துப் பாடினோம். கோவில் நிறைந்து வாசலிலும் சனம். எல்லாம் தியாகராஜாவின் உழைப்பு. உங்களுக்கு அவரைத் தெரியாது. குருநகர் ஆள், சவுத்தாலில் கடை வைத்திருக்கிறார், எங்கள் பூசைக் கமிற்றிக்குத் தலைவர். மிச்சம் என்கிற இடத்திலிருந்து கிழவிகளைத் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றி வருவது, பூசை முடியத் தேத்தண்ணிக்கு ஹோல் வாடகைக்கு எடுப்பது எல்லாம் அவர்தான். பெரிய இயக்கத்துக்கு இங்கே ஆள் என்றும் கதைக்கிறார்கள். நான் அதைக் கேட்கப் போகவில்லை.

றெஜிக்கு எழுதச் சொன்னீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. கடிதம் யார் கையில் போய் நிற்குமென்று தெரியாது. ஒரு குருவானவர் ஒரு இயக்கத்தை விடு என்று எழுதினால், மற்றதுக்கு ஆதரவு என்று எடுப்பார்கள். எங்கள் ஆயருக்கும் அது கரைச்சல். ஆகையால் இந்த விஷயத்தில் நான் செபிப்பதுதான் நல்லது. நீங்கள் பக்குவமாய்ச் சொல்லுங்கோ, கேட்பான், கெட்டிக்காரப் பிள்ளை.

அவன் கேட்ட கேள்விக்குப் பழைய ஏடுகளில் மறுமொழி இல்லை. ஆயர் எப்படி முகம் பார்த்தார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

ஆண்டவருக்குள் உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்


பாசையூர்
19 மே 1986

தம்பி,

றெஜி இல்லை.

பெரிய இயக்கம் மற்றவங்களுடைய முகாம்களைச் சுற்றி வளைத்தது. ஓடினவனையும் சுட்டார்கள், கையைத் தூக்கினவனையும் சுட்டார்கள். இவன் துவக்குப் பிடித்ததே இல்லை, அங்கே சோறு சமைத்தவன். வீட்டில் ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது.

அத்தான் போய்க் கேட்டு உடம்பை வாங்கி வந்தார். சனம் கூடக்கூடாது, அழுகிற சத்தம் றோட்டுக்குக் கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். கோவிலில் துக்கமணி அடிக்கவில்லை. பங்குச் சுவாமி பின்வளவால் வந்து செபம் சொல்லிவிட்டு அதாலேயே போனார். பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் மட்டும் வந்து என் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். வாயைப் பொத்தவும் ஒரு ஆள் வேணும்தானே.

உமது சுகம் கேட்டு எழுத மறந்துபோனேன்.

அக்கா


வால்தம்ஸ்டோ
8 ஜூன் 1986

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

என்ன எழுதுவது? வேதாகமத்திலிருந்து ஆறுதல் வசனங்கள் எழுதி ஒரு பக்கம் நிரப்பினேன். வாசித்துப் பார்த்தேன், யாருக்கோ எழுதியது போலிருந்தது. கிழித்துவிட்டேன்.

ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினபோது அவன் அழவில்லை. என்னுடைய கைதான் நடுங்கியது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதையும் தம்பி, பிள்ளை உடையாது" என்றீர்கள். கோவிலே சிரித்தது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அது ஒன்றுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

அவனுக்கு நான் அந்த இரண்டு வரியை எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும் கேட்டிருப்பானோ தெரியாது. ஆனால் எழுதியிருக்க வேண்டும்.

என்னால் இனி என்ன செய்ய ஏலும் என்று சொல்லுங்கோ. எதுவென்றாலும் செய்வேன்.

உங்கள் தம்பி


சேசு மரி சூசை துணை

பாசையூர்
2 ஆகஸ்ட் 1986

அன்புள்ள தம்பிச் சுவாமிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பிக் கொல்லைக்குள் போய்விட்டார். சாப்பிடுகிறோம், படுக்கிறோம். உமது கால் வீக்கம் எப்படி?

எதுவென்றாலும் செய்வேன் என்று எழுதியிருந்தீர். அதனால் கேட்கிறேன். முப்பத்தோராம் நாள் பூசையில் பங்குச் சுவாமி "இறந்துபோன ஒரு வாலிபனுக்காக" என்று சொன்னார். பேர் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; பின்வரிசை வாங்கில் பெரிய இயக்கத்துப் பெடியள் இரண்டுபேர் வந்து இருந்தாங்கள். ஆனால் ஒரு வாலிபன் என்றால் யார்? பேர் கூப்பிடாத பிள்ளை கோவில் வாசலிலேயே நிற்கிறான் போலக் கிடக்கிறது எனக்கு.

நவம்பர் இரண்டு மரித்தோர் திருநாள். அன்றைக்குச் செத்தவர்களின் பேரை எழுதிக் கொடுப்போம், சுவாமி ஒவ்வொன்றாய் உரத்து வாசிப்பார், சனம் எல்லாம் "இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்று சொல்லும். இந்த வருஷம் இங்கே அவன் பேர் வராது. உம்முடைய தமிழ்ப் பூசையில் வாசியும். முழுப்பேர்: அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட், பாசையூர். ஊர்ச்சனம் கேட்க, தமிழ்வாய்கள் மறுமொழி சொல்ல வாசிக்கவேணும். அங்கே உமக்குத் துவக்குக்காரர் இல்லைத்தானே.

இது ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா டொலறஸ்


வால்தம்ஸ்டோ
12 ஒக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், கால் சரி. குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் கடிதம் செப்டம்பரிலேயே வந்தது. பிந்தினதுக்கு மன்னியுங்கோ, ஆராய்ச்சி வேலை கழுத்துவரை.

றெஜியின் பேரை நான் கட்டாயம் வாசிப்பேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் இங்கேயும் ஊர்தான் அக்கா, குளிர் மட்டும்தான் வேறு. போன கிழமை மெற்றில்டா என்றொரு பெண் வந்தார், இங்கே பக்கத்தில் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் வேலை. அவருடைய தம்பி எட்வேர்ட்டும் றெஜியோடு அன்றைக்கே செத்தவன். "சுவாமி, என்ர தம்பியின்ர பேரையும் வாசியுங்கோ. வாசிக்காட்டி நாங்கள் இந்தக் கோவில் படி மிதிக்க மாட்டம்" என்றார். நான் ஓமென்றேன்.

அடுத்த நாள் தியாகராஜா வந்தார். மரியாதையான மனிதர், பழங்களும் கொண்டு வந்தார். "சுவாமி, உங்கட மருமகன் எண்டு தெரியும், கவலைதான். ஆனா துரோகியளின்ர பேர் பீடத்தில வாசிச்சா நாங்கள் எழும்பிப் போறதைத் தவிர வேற வழியில்லை. பிறகு வானும் இல்லை, ஹோலும் இல்லை, பாதிச் சனமும் இல்லை. யோசியுங்கோ" என்றார். அவருக்கு நான் ஓமென்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

பாதர் டிலனிடம் சொன்னேன். உங்கள் சண்டையை என் கோவிலுக்குள் கொண்டுவரவேண்டாம் என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல ஏலாது.

சகல ஆத்துமாக்களுக்கும் என்று பொதுவாக ஒப்புக்கொடுத்தால் றெஜியும் அதற்குள் அடங்குவான்தானே? ஒரு எண்ணத்துக்குக் கேட்கிறேன், அவ்வளவுதான். நான் வாசிப்பேன்.

ஆண்டவருக்குள் உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்


வால்தம்ஸ்டோ
9 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நல்ல மழை.

மரித்தோர் திருநாள் பூசை நல்லபடி நிறைவேறியது. இவ்வளவு சனத்தை ஒருநாளும் காணவில்லை. பீடத்துக்கு முன்னால் நூற்றுக்கணக்கில் மெழுகுதிரி. ஒரு திரி சரிந்து பூவில் பற்ற, பாதர் டிலன் தீர்த்தத்தை எடுத்து ஊற்றிவிட்டார். பெரியவர்கள் பலர் அழுதார்கள். பூசையை பாதர் டிலனே நிறைவேற்றினார். பெரிய நாள் என்றபடியால் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்குப் பின்னால் இருந்து சனம் பாவம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேர்கள் எல்லாம் தமிழில் வாசிக்கப்பட்டன, சனம் அழகாக மறுமொழி சொன்னது. பிறகு ஹோலில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள்.

என்னுடைய ஆராய்ச்சியும் நன்றாகப் போகிறது. பென்னோ கட்டடக் கலையில் பெரிய விண்ணன் என்று இப்போதுதான் படித்தேன். ஆற்று வெள்ளம் அரித்த பேராலயம் ஒன்றின் அத்திவாரத்தைக் காப்பாற்றியவர் அவர்தானாம். நாங்கள் நினைத்தது போல வெறும் கோமாளி அல்ல. மனிதரை முழுதாகப் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

ஆண்டவருக்குள் உங்கள் தம்பி,
கிறிஸ்துநாயகம்


சேசு மரி சூசை துணை

பாசையூர்
30 நவம்பர் 1986

சுவாமிக்கு,

நாங்கள் சுகம். யாழ்ப்பாணத்து வெக்கைக்குக் கம்பளிச் சட்டை எதற்கு? அனுப்ப வேண்டாம்.

உமது கடிதத்தை அத்தானுக்கு உரத்து வாசித்தேன். பூசையை வெள்ளைக்காரச் சுவாமி வைத்தார், நீர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்தீர் என்ற இடம் வந்ததும் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மேற்றிராணியார் கதையை இந்த வீட்டில் எல்லாரும் கேட்டுச் சிரித்ததுதானே.

ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி எழுதும். பேர்களை வாசித்தது யார்?

டொலறஸ்


வால்தம்ஸ்டோ
18 ஜனவரி 1987

அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம். நத்தார்த் திருநாளுக்கும் எழுதவில்லை. எழுதத் துணிவு வரவில்லை.

வாசித்தது தியாகராஜா. றெஜியின் பேரும் இல்லை, மெற்றில்டாவின் தம்பியின் பேரும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் பாதர் டிலனிடம் போய், தொண்டை சரியில்லை, பூசையை நீங்கள் வையுங்கள், நான் பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன் என்றேன். அவருக்குத் தமிழ்ப் பேர் வாசிக்க வராது. அப்படியென்றால் கமிற்றித் தலைவர் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போய் இருந்தேன். உங்களுக்கும் மெற்றில்டாவுக்கும் சொன்ன ஓமைத் திருப்பி எடுக்கவும் இல்லை, தியாகராஜாவுக்கு ஏலாது என்று சொல்லவும் இல்லை. பென்னோவே இவ்வளவு வடிவாகச் செய்திருக்க மாட்டார்.

தொட்டிக்குள் இருந்து எல்லாப் பேரையும் கேட்டேன். தியாகராஜாவுக்கு நல்ல குரல். ஒவ்வொரு பேருக்கும் சனம் மறுமொழி சொன்னது. அடுத்தது அவனாயிருக்கும், அடுத்தது அவனாயிருக்கும் என்று நான் இருந்தேன், என்னமோ தியாகராஜாவுக்கு மனம் மாறிவிடும் என்பதுபோல. இடையில் ஒரு இங்கிலிஷ் கிழவி வந்து முழந்தாளிட்டார். அவர் என்ன சொன்னார் என்பதை நான் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. சொல்லவும் ஏலாது, ஒன்றும் காதில் விழவில்லை. ஏதோ ஒரு செபத்தை அபராதமாகக் கொடுத்து அனுப்பினேன்.

வெளியே வந்தபோது மெற்றில்டா கடைசி வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். "தொண்டை எப்பிடி சுவாமி?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரை நான் காணவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் றெஜியின் பேரைச் சொன்னேன். கோவிலில் மூன்று ஐரிஷ் கிழவிகள். "ஆமென்" என்றார்கள். அதை உங்களுக்கு எழுதிச் சமாளிக்கலாம் என்றும் ஒருநாள் நினைத்தேன். அவ்வளவுக்கு இறங்கிவிட்டேன். வெட்கமாயிருக்கிறது அக்கா. அவனுக்கு நான் வைத்த பேர் என் வாயிலிருந்து வரவில்லை.

அத்தானின் முகத்தை நினைக்க ஏலாமல் இருக்கிறது.

நாயகம்


சேசு மரி சூசை துணை

பாசையூர்
22 பெப்ரவரி 1987

அன்புள்ள தம்பிக்கு,

அரசாங்கம் எண்ணெய்க்குத் தடை போட்டிருக்கிறது, தபாலும் ஒழுங்கில்லை. கொழும்புக்குப் போகிற கன்னியாஸ்திரி ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நான் சுகம். அத்தான் இப்போது பரவாயில்லை.

உமது கடிதம் வாசித்து இரண்டு நாள் உம்மோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். நல்லாய்ப் பேசினேன், நீர் கேட்காதது உமது அதிர்ஷ்டம். மூன்றாம் நாள் கோபம் என்மேலேயே திரும்பியது. நான் பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்ல லண்டனில் ஆள் பிடித்தேனே, எனக்கு வாய் இல்லையா?

அடுத்த ஞாயிறு பூசையில், மன்றாட்டு முடிகிற நேரம் எழும்பினேன். "அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட், என்ர மகன்" என்று உரத்துச் சொன்னேன். பங்குச் சுவாமி பீடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து உமது அத்தான் தனியாகச் சொன்னார், "இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே." அந்த மனிசன் கோவிலில் வாய் திறந்து செபம் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு பியற்றிஸ் சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் எல்லாரும்.

பின்னேரம் பெடியள் வந்தாங்கள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா ஒருக்கா வாங்கோ, கதைக்க வேணும்" என்று அத்தானைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். அடுத்த ஞாயிறு கழிந்துதான் விட்டாங்கள். அங்கே நடந்ததை அவர் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இடது காது கேட்காது. மெஷின் சத்தம் அரைவாசியாய்க் குறைஞ்சது நல்லம் என்று பகிடி விடுகிறார்.

இதை உம்மைக் குத்துவதற்கு எழுதவில்லை. உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? உமது படிப்பை முடியும். அந்த மேற்றிராணியார் வெளியே வந்த பிறகு என்ன செய்தார் என்பதைத் தேடிப் பாரும். பிள்ளை கேட்டவன்.

அக்கா


வால்தம்ஸ்டோ
6 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. நான் சுகமாயிருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தானை ஒரு நல்ல டொக்டரிடம் காட்டுங்கோ.

முதலில் றெஜியின் கேள்வி. தேடினேன். பென்னோ அதற்குப் பிறகும் ஆயராகவே இருந்தார். பேரரசர் அவரோடு நல்லமாதிரி, பாப்பரசர் பக்கமும் நல்லமாதிரி. தன் இடத்தில் ஒரு மடம் கட்டினார். படுக்கையில் செத்தார். ஒருவரும் அவரைத் தண்டிக்கவில்லை. அன்று அந்தக் கோவிலில் எழும்பிப் பேசின மற்ற ஆயர்களின் முகத்தை எப்படிப் பார்த்தார் என்பது மட்டும் எங்கும் இல்லை. அதை அவரே சொன்னால்தான் உண்டு, அவர் சொல்லவில்லை.

நேற்று தமிழ்ப் பூசை. மெற்றில்டாவின் வீட்டுக்கு முதல் நாளே போய், வரச் சொல்லிக் கேட்டேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், "பாப்பம்" என்றார். நேற்று வந்தார், கடைசி வாங்கில் இருந்தார். மன்றாட்டு நேரம் தியாகராஜா கடதாசியோடு எழும்ப முந்தி, நான் பீடத்தில் நின்று சொன்னேன். "பாசையூர் அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட். என்ர மருமகன், நான் ஞானஸ்நானம் குடுத்த பிள்ளை." பிறகு எட்வேர்ட்டின் பேர். எல்லாருக்கும் கேட்டது.

என்ன நடந்தது தெரியுமா அக்கா? தியாகராஜா கடதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் கொஞ்சப் பேர். கதவு அடித்துச் சாத்தியது. மிச்சச் சனம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. பிறகு மெற்றில்டா சொன்னார், பிறகு எல்லாரும் சொன்னார்கள். பூசை முடிந்தது. ஹோல் பூட்டியிருந்தது, கோவில் வாசலிலேயே நின்று தேத்தண்ணி குடித்தோம். வான் வரவில்லை, பாதர் டிலன் புறுபுறுத்துக்கொண்டு கிழவிகளைத் தன்னுடைய காரில் கொண்டுபோய் இறக்கினார்.

அவ்வளவுதான். ஒரு கதவுச் சத்தம். நான் பயந்து ஒளித்தது அதற்குத்தான். நான் நவம்பரில் அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டிருந்தால், நீங்கள் அங்கே எழும்பியிருக்கத் தேவையில்லை, அத்தானை அவர்கள் கூட்டிப்போயிருக்கவும் மாட்டார்கள். இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் அத்தானுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கோ அக்கா. இந்தக் கடிதத்தையும் வழமைபோல அவருக்கு வாசித்துக் காட்டுங்கோ. வலது பக்கம் இருந்து, உரத்து.

தம்பி